ஒரு பருக்கை

1963

தை 8, திங்கள்

பனி. கொடியில் போட்டது எதுவும் காயவில்லை. அரை ஈரப் புடவையோடு காலேஜ். பஸ்ஸில் காவேரிப் பாலம் தாண்டும் வரை தும்மல்.

பி.எஸ்ஸி. பெண்களுக்குத் தவளை ப்ராக்டிகல். வந்திருந்த தவளைகள் எல்லாம் சுண்டைக்காய் மாதிரி. பிடித்துக்கொண்டு வருகிறவனைக் கேட்டால், தவளைக்கே சாப்பாடு இல்லை, நான் என்னம்மா செய்வேன் என்கிறான்.

ரோஸ்லின் கரைசல் கலக்கும்போது பாட்டிலை மாற்றி எடுத்துவிட்டாள். சாதா உப்புக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு. நரம்போடு பிரித்து வைத்த தவளைக் காலை அதில் போட்டதும் தசை ஒரு தடவை வெட்டி இழுத்தது. அப்புறம் ஒன்றுமில்லை. மின்சாரம் கொடுத்தோம். கூட்டிக் கொடுத்தோம். புகை பூசிய காகிதத்தில் ஊசி நேர்கோடு போட்டுக்கொண்டே போனது. கொன்றுவிட்டேன் மிஸ் என்று அவள் அழுகிற நிலை. நல்ல கரைசலில் கழுவி வைக்கச் சொன்னேன். பெண்கள் டிபன் சாப்பிட்டு வருவதற்குள் தசை மறுபடி துடித்தது. திட்ட வேண்டியவளைத் திட்ட மறந்துபோனேன்.

நாள் முழுக்க அண்ணா நினைப்புதான் காரணம். காலையில் மறுபடியும் அவனுக்குக் கால் வரவில்லை. தீபாவளிக்கு அப்புறம் இது மூன்றாவது. கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தான். வலி இல்லை, மரத்தும் போகவில்லை, தொட்டால் தெரிகிறது. தூக்கத்தான் முடியவில்லை. மன்னி மிளகுக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள். மத்தியானத்துக்குள் எழுந்து நடந்துவிட்டானாம். பேர் கஷாயத்துக்கு.

வாங்க: மண்ணெண்ணெய், துவரம்பருப்பு, தும்மலுக்கு ஏதாவது, வேதாவுக்கு ரிப்பன். அண்ணா பெண் அப்பனைப் போலவே எதையும் கேட்டு வாங்காது.

தை 9, செவ்வாய்

நரம்புப் பாடம். பாடப்புத்தகம் பழசு. லைப்ரரிக்கு வந்திருக்கும் புதுப் புத்தகத்திலிருந்து நடத்தினேன். கணவாய் மீனுக்கு நூல் கயிறு தடிமனில் ஒரு நரம்பு. அதற்குள் கம்பி செருகி, சவ்வுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மின் அழுத்தத்தைத் தாங்கள் சொன்ன இடத்தில் பிடித்து நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். எந்த அழுத்தத்தில் எந்த உப்பு எவ்வளவு ஓடுகிறது என்று அளந்திருக்கிறார்கள்.

வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். சும்மா இருக்கும்போது சோடியம் கதவு மூடியிருக்கும். அழுத்தம் கொஞ்சம் சரிந்தால் திறக்கும். சோடியம் உள்ளே பாயும், அழுத்தம் இன்னும் சரியும், பக்கத்துக் கதவும் திறக்கும். செய்தி போவது இப்படித்தான். திறந்த கதவு கண் மூடித் திறப்பதற்குள் தானே அடைத்துக்கொள்ளும். பொட்டாசியம் வெளியே போய் அழுத்தம் பழையபடி ஏறினால்தான் மறுபடி திறக்கத் தயார். ஏறாவிட்டால் திறக்காது. சாத்திய கதவு வேறு, சாத்தித் தாழ்ப்பாள் போட்ட கதவு வேறு என்றேன். நேற்று ரோஸ்லின் செய்தது அதுதான். வெளியே பொட்டாசியத்தைக் கொட்டி, அழுத்தத்தைச் சரித்து, எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள் போட்டாள்.

கடைசி பெஞ்சிலிருந்து, கதவை யாராவது பார்த்திருக்கிறார்களா மிஸ் என்று ஒரு கேள்வி. இல்லை. கணக்கில்தான் இருக்கிறது. கேட்டவளை உட்காரச் சொன்னது தப்பு. நல்ல கேள்வி.

மாலை. அப்பாவைப் பற்றி மன்னியிடம் கேட்டேன். எனக்குப் பத்து வயது அப்போது, சரியாக நினைவில்லை. ஒரு கல்யாணத்தில் மூக்கு முட்டச் சாப்பிட்டுப் படுத்தவர், விடிந்ததும் கைகால் விழுந்து, அன்றைக்கே போய்விட்டார். பாரிச வாயு என்றார்களாம். பாரிச வாயு ஒரு பக்கம்தான் வரும். இரண்டு பக்கமும் எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

தை 12, வெள்ளி

அரை நாள் லீவு. அண்ணாவைப் புத்தூர் டாக்டரிடம் கூட்டிப்போனேன். மெட்ராஸில் படித்துவிட்டுப் புதிதாக வந்தவர், என்னைவிடச் சின்னவர். வாத்தியார் மாதிரி கேள்வி கேட்டார். எந்த நாளில் வருகிறது, முதல் நாள் என்ன செய்தார், என்ன சாப்பிட்டார், எப்போது படுத்தார்.

மூன்று தடவையும் ஒரே கதை. அண்ணா ஸ்ரீபாதம் தாங்குகிறவன். வீதிப் புறப்பாட்டில் பெருமாள் அவன் தோளில். அது முடிகிற வரை பல்லில் தண்ணீர் படாது. முடிந்ததும் அவர்கள் பங்குப் பிரசாதம், அக்காரவடிசலோ சர்க்கரைப் பொங்கலோ, வயிறு நிறைய. வீட்டுக்கு வந்து படுத்தால் கட்டை மாதிரி தூக்கம். விடிந்தால் கால் இல்லை.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். புத்தகத்தில் படித்ததுண்டு, ஆளைப் பார்ப்பது இதுதான் முதல் என்றார். உழைத்து ஓய்ந்த உடம்பில் இனிப்பும் சோறும் சேரும்போது ரத்தத்திலிருக்கும் பொட்டாசியம் தசைக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. தசை வேலை நிறுத்தம். குடும்பத்தில் வருவது. நான் அப்பாவைச் சொன்னேன். தலையை ஆட்டினார்.

அவர் சொன்னவை:
பொட்டாசிய மிக்ஸர், காலை மாலை ஒரு அவுன்ஸ்.
வெல்லம், சர்க்கரை, பாயச வகை கூடாது. சாதம் பாதி.
சுமந்த பின் உடனே படுக்காமல் மெல்ல நடக்க வேண்டும்.
கால் வராத நாளில் யார் சொன்னாலும் குளுக்கோஸ் ஏற்றக் கூடாது.
மிக்ஸரை அளவு தாண்டக் கூடாது. தாண்டினால் இதயம் நிற்கும்.

கடைசி வரியை எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வருஷா வருஷம் தவளை இதயத்தில் ஒரு சொட்டு விட்டு நிறுத்திக் காட்டுகிறவள் நான். இந்த உப்பு குறைந்தாலும் தசை ஊமை, கூடினாலும் ஊமை. கூடினால் ஏன் என்று தெரியும். குறைந்தால் ஏன்? புத்தகத்தில் இல்லை. அதே தாழ்ப்பாள் வேறு வழியில் விழுகிறது என்பது என் ஊகம். ஊகத்துக்கு என்ன, நானே கேட்டு நானே தலையாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ரத்தம் எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பியிருக்கிறார். திரும்பும்போது சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இளநீர். அண்ணா வழுக்கையையும் கேட்டுச் சாப்பிட்டான்.

தை 14, ஞாயிறு

காலை முழுக்க அண்ணாவோடு சண்டை. மருந்து குடிக்கிறான், முகத்தைச் சுளித்தாலும் குடிக்கிறான். பிரசாதத்தில்தான் முட்டுகிறது. பெருமாள் அமுது செய்ததைக் கையில் வாங்கிவிட்டு வேண்டாம் என்பது எங்கள் வீதியில் நடக்காது.

"எந்த வாயால வேண்டாம்னு சொல்லச் சொல்றே? அதே வாயாலதானே சேவிக்கணும்?" என்றான்.

கதவுக் கதையைச் சொன்னேன். தசைநார் ஒவ்வொன்றின் மேலும் சவ்வு, அதில் கதவுகள், உப்புக் கணக்குப் பிசகினால் திறக்காது என்று. கவனமாகக் கேட்டான். யார் பார்த்தா அந்தக் கதவை என்றான். யாரும் பார்க்கவில்லை என்றேன்.

"பேஷ். கண்ணால பார்க்காததை இத்தனை நம்பறே. உன்னைப் போய் மன்னி நாஸ்திகங்கறா."

சிரித்துவிட்டேன். அவனும். கடைசியில் உடன்படிக்கை. ஒரே ஒரு பருக்கை வாயில், மீதி பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு. ஒரு பருக்கையானாலும் பிரசாதம் பிரசாதம்தானே என்று அவனே சொன்னான். நான் சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டான்.

எம்.எஸ்ஸி.க்கு என்னை மெட்ராஸ் அனுப்பியபோது, பெண் படித்து என்ன கிழிக்கப் போகிறாள் என்று எத்தனை பேர் அவனைக் கேட்டார்கள். இப்போதாவது கிழிக்க வேண்டும்.

தை 17, புதன்

தைத் திருநாள் நேற்றுத் தொடங்கிவிட்டது. வீதி முழுக்கக் கோலம், சாணி, பலூன்காரன். விடைத்தாள்களைத் தொடவில்லை.

காலைப் புறப்பாடு பார்த்தேன். அண்ணா பெருமாளைச் சுமக்கும் முன் தண்டில். அந்த நடை! பெருமாள் சிங்கம் மாதிரி வருகிறார் என்று ஜனம் கைகூப்புகிறது. எனக்கு அண்ணாவின் ஆடுதசைதான் தெரிந்தது. ஒவ்வொரு அடிக்கும் எத்தனை கோடிக் கதவு திறந்து மூடுகிறதோ. மூடவும் வேண்டும், அடுத்த அடிக்குத் திறக்கவும் வேண்டும். பயமாக இருந்தது. அழகாகவும் இருந்தது.

நேற்று இரவுப் புறப்பாடு முடிந்ததும் ஒரு பருக்கை, மீதி தானம். வீட்டுக்கு வந்து கூடத்தில் நடை. மிக்ஸர். இன்று விடிந்ததும் அவனே எழுந்து காவேரிக்குக் குளிக்கப் போனான். மன்னியிடம், பார்த்தீர்களா என்றேன். பார்த்தேன், இளைச்சுத் துரும்பாயிட்டார் என்றாள்.

தை 19, வெள்ளி

கருட சேவை. கூட்டம். காலேஜிலிருந்து வர பஸ் கிடைக்கவில்லை, பாலத்தில் நடை, செருப்பு வார் அறுந்தது.

வீட்டில் இழவு விழுந்த மாதிரி அமைதி. சேஷாத்ரி மாமா அண்ணாவை முன் தண்டிலிருந்து எடுத்துவிட்டார். தாங்குகிறவர்களில் மூத்தவர், யார் எங்கே நிற்பது என்று அவர் சொல்வதுதான். கோபத்தில் செய்யவில்லை. பிரசாதத்தைக்கூடச் சாப்பிட முடியாதவனுக்கு எதற்குக் கருடன் பாரம், இந்த வருஷம் தீவட்டியோடு நட, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாராம். நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷர்கள் செய்வதற்குப் பதில் சொல்லவும் முடிவதில்லை.

அண்ணா தன் தோளில் காய்த்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

புத்தூர் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். மெட்ராஸ் முடிவு வந்துவிட்டது. பொட்டாசியம் சரியாக இருக்கிறது. கால் நன்றாக இருக்கும் நாளில் எடுத்த ரத்தம், சரியாகத்தான் இருக்கும், வருகிற அன்று எடுத்தால்தான் குறைவு தெரியும். இதை நான் கூடத்தில் நின்று எல்லோருக்கும் விளக்கினேன். மன்னி காதில் முதல் பாதிதான் விழுந்தது.

"மெட்ராஸ்லயே ஒண்ணும் இல்லேன்னுட்டா. அப்புறம் எதுக்கு அவரைப் பட்டினி போடறே?"

கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது. உட்கார்ந்து பொறுமையாக, பி.எஸ்ஸி. பெண்களுக்குச் சொல்வது போலச் சொல்லியிருக்க வேண்டும். வேதா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

தை 20, சனி

அரை நாள் காலேஜ். செருப்புத் தைத்தாயிற்று. விடைத்தாள் கொஞ்சம். ஒருத்தி 'சோடியம் கோபித்துக்கொண்டு உள்ளே போகிறது' என்று எழுதியிருக்கிறாள். பாதி மார்க்.

அண்ணா சே. மாமாவிடம் போய் நின்றிருக்கிறான். இன்று பார்த்துவிட்டு நாளை முன் தண்டு என்று மாமா இறங்கி வந்திருக்கிறார். இன்று சாயங்காலம் பின் தண்டு, ஆள் மாற்றும்போது மட்டும். வீட்டுக்கு வந்தபோது முகத்தில் களை. மன்னி முகத்திலும். எனக்குத் தலைவலி, சாத்தமுது சாதத்தோடு சீக்கிரம் படுக்கப் போகிறேன். சமையலறையில் இருவரும் ஏதோ பேசிச் சிரிக்கிறார்கள். எத்தனை நாளாயிற்று.

தை 24, புதன்

எழுத வேண்டும். வரிசையாக எழுத வேண்டும்.

ஞாயிறு விடிந்ததும் மன்னி கூப்பிட்டாள். அண்ணாவுக்குக் கால் இல்லை, கை இல்லை, தலையணையிலிருந்து தலையைத் திருப்பவும் முடியவில்லை. குரல் ஊதின மாதிரி. என்னைப் பார்த்து, இந்தத் தடவை எல்லாக் கதவையும் சாத்திட்டா போலிருக்கு என்றான். சிரிக்கப் பார்த்தான்.

மிக்ஸரைக் கொடுத்தேன். புரையேறி வெளியே வந்தது. மறுபடி கொடுத்தேன், மறுபடியும்.

சே. மாமா வாடகைக் கார் பிடித்து வந்தார். புத்தூர் டாக்டர் வீடு பூட்டு. தங்கை கல்யாணத்துக்கு மெட்ராஸ். அப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரி. ட்யூட்டியில் இருந்த டாக்டரிடம் எல்லாம் சொன்னேன். பொட்டாசியம் என்றேன், குளுக்கோஸ் கூடாது என்றேன். நீங்கள் டாக்டரா என்றார். விலங்கியல் லெக்சரர் என்றேன். நாள் கணக்காகப் பட்டினி கிடந்த உடம்பு என்று சே. மாமா அவருக்குச் சொன்னார். அதுவும் உண்மைதான்.

"தவளைக்குப் பாடம் எடுங்கம்மா. இதை நாங்க பார்த்துக்கறோம்."

குளுக்கோஸ் பாட்டில் ஏறியது. சொட்டுச் சொட்டாக. நான் பக்கத்தில் நின்றேன். சர்க்கரை ரத்தத்தில் இறங்குகிறது, மிச்சம் இருந்த பொட்டாசியத்தையும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகிறது, எனக்குத் தெரிகிறது. ஊசியைப் பிடுங்கி எறியலாம் என்று தோன்றியது. நர்ஸ் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிடுங்கவில்லை. என் ஊகம் தப்பாக இருந்தால் என்ற நினைப்பு வந்தது. படித்தவர்களுக்கே வருகிற வியாதி அது.

மூச்சு மேல்மூச்சாயிற்று. நெஞ்சுக்கூடும் தசைதானே. கடைசி வரை நினைவு இருந்தது. கண் மட்டும் என் பக்கம் திரும்பியது. நாடி தாறுமாறாக ஓடி, நின்றது. பாட்டிலில் பாதி மீதி.

உற்சவ வீதிக்குள் கொண்டு வரக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லி, ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கொள்ளிடக் கரை. தன் வாசலைத் தாண்டிப் போகக்கூட அவனுக்குக் கொடுத்து வைக்கவில்லை. இன்று தேர். வேறு தோள்கள் பெருமாளைத் தேர் வரை சுமந்து போயின. மேளச் சத்தம் கேட்டு மன்னி காதைப் பொத்திக்கொண்டாள்.

தை 25, வியாழன்

இரவும் பகலும் ஜனம். பெருமாளைச் சுமந்த அலுப்போடு போயிருக்கிறான், நேரே பரமபதம், கொடுத்து வைத்தவன் என்கிறார்கள். ஒவ்வொருவரும் இதையே. எனக்குக் கெட்ட வார்த்தை தெரியாதது அவர்கள் அதிர்ஷ்டம்.

யாரும் இல்லாத சமயம் மன்னி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தானாகவே சொன்னாள். சனிக்கிழமை அவன் பங்கு அக்காரவடிசலை சே. மாமா நம் வீட்டுக்கே அனுப்பி வைத்திருந்தார். நாளைக்கு முன் தண்டு கிடைக்க வேண்டுமானால் உடம்பில் தெம்பு வேண்டாமா என்று இவள் கேட்டிருக்கிறாள். முதலில் வேண்டாம் என்றிருக்கிறான். அப்புறம் சாப்பிட்டிருக்கிறான். இரண்டு தொன்னை. நெய் ஒழுக ஒழுக, பச்சைக் குழந்தை மாதிரி சாப்பிட்டார் என்றாள்.

"அதனாலயா, கோமளா?"

இல்லை என்றேன். சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, ஆஸ்பத்திரிக்காரன் கெடுத்தான் என்றேன். பாதி நிஜம். அவள் என் மடியில் தலையை வைத்து அழுதாள். வேறு என்ன சொல்வது? அன்போடு ஊட்டின கையை நான் போய் வெட்டுவதா?

தை 29, திங்கள்

தீட்டு முடியவில்லை, ஆனாலும் புத்தூர் போனேன். டாக்டர் திரும்பிவிட்டார். அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். என்னாலும் உட்கார முடியவில்லை.

பெண் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, எட்டாவது படிக்கிறது என்றேன். பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார். பெண்களுக்குப் பல சமயம் லேசாக இருக்கும், ஆனால் நம்பி இருக்க முடியாது. தொடங்குகிற வயது இதுதான். ஓடி விளையாடிவிட்டு இனிப்புச் சாப்பிட்டுப் படுத்து, காலையில் கால் கனக்கிறது என்றால் உடனே கொண்டு வாருங்கள் என்றார்.

பஸ்ஸில் வரும்போது நினைவு வந்தது. பொங்கல் லீவு முடிந்த மறுநாள் வேதா பள்ளிக்கூடம் போகாமல் அடம் பிடித்தது. கால் கனக்கிறது என்றது. சோம்பேறி என்று நான்தான் அதட்டி எழுப்பினேன்.

எனக்குமா என்ற கேள்வி அப்புறம் வந்தது. முப்பத்துநாலு வயது வரை வராதது. வந்தால் வரட்டும்.

மன்னியிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அன்று சொன்னது பொய்யென்று ஆகும். சொல்லாவிட்டால்? இன்று பேச வாயெடுத்தேன், அவள் அண்ணாவின் வேஷ்டியை மடித்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு.

மாசி 1, புதன்

நேற்றும் சொல்லவில்லை. இன்றும் இல்லை. காரியத்துக்கு ஆள், பாத்திரம், இலை என்று பேச்சு ஓடுகிறது. எனக்கு அது வசதியாக இருக்கிறது. சீ.

மாசி 3, வெள்ளி

வெயில் ஏறிவிட்டது. பதின்மூன்றாம் நாள். துக்கம் முடிந்து வீடு சுபத்துக்குத் திரும்ப வேண்டும், இலையில் இனிப்பு விழுந்தே ஆக வேண்டும். சமையல்காரர் காலையிலேயே வெல்லம் பொடித்துக்கொண்டிருந்தார்.

பெரிய பந்தி. வேதா காலையிலிருந்து ஓடி ஓடித் தண்ணீர் சுமந்திருந்தது, மாடிக்கும் கிணற்றுக்கும் நடந்த கணக்கே இல்லை. களைத்துப்போய் கடைசி இலையில் உட்கார்ந்தது. அக்காரவடிசல் வந்தது. குழந்தைக்கு அப்பா நினைவாக இன்னொரு கரண்டி போடு என்று யாரோ சொன்னார்கள். போட்டார்கள். நெய்யும் விட்டார்கள். வேதா கையை வைத்தது.

நான் போய் இலையை இழுத்துவிட்டேன். சாதம், கறியமுது, எல்லாம் தரையில். பந்தி முழுக்க நிமிர்ந்து பார்த்தது. சுபஸ்வீகாரத்தன்று இலையைப் பிடுங்கினாளே பாவி என்று ஒரு குரல். வேதா அழவில்லை, என்னையே பார்த்தது. அதற்கு வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

உள்ளறை வாசலில் மன்னி உட்கார்ந்திருந்தாள். பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தி முடிந்து ஜனம் கலையும் வரை அசையவில்லை. அப்புறம் என்னைக் கூப்பிட்டாள்.

"அன்னிக்கு இல்லேன்னியே."

"சொன்னேன் மன்னி."

"பொய்யா?"

தலையை ஆட்டினேன். அவள் அழுவாள், என்னை அடிப்பாள், எதற்கும் தயாராக நின்றேன். அவள் வேதாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து அதன் பாவாடையில் ஒட்டியிருந்த பருப்பைத் துடைத்துவிட்டாள்.

"இனிமே அம்மா எது குடுத்தாலும், அத்தையைக் கேட்டுண்டுதான் சாப்பிடணும்" என்றாள்.